கொலேல்: உலைக்கும் கோயிலுக்கும் ஒரே பெயர்

கொலேல் என்பது நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் பேசும் மொழியின் சொல். கொல்லன் பட்டறைக்கும் அதுதான் பெயர், கோத்தர் ஊரில் இருக்கும் கோயிலுக்கும் அதுதான் பெயர். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் (1984 பதிப்பு) 2133ஆம் பதிவைப் புரட்டினால் இரண்டு பொருளும் ஒட்டி நிற்பதைக் காணலாம். எமனோ 1930களில் இந்த மலைக்கு வந்து, கோத்தர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டவர்.

கேட்ட மாத்திரத்தில் ‘கோயில்’ தேய்ந்து ‘கொலேல்’ ஆகியிருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. கோயிலில் இருப்பது ‘கோ’, அதாவது அரசன், இறைவன். கொலேலில் இருப்பது ‘கொல்’. தமிழில் கொல் என்றால் இரும்பு வேலை, அந்த வேலை செய்பவன். கொல்லன், பொற்கொல்லன் என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவைதான். கன்னடத்தில் உலையைக் குறிக்கும் ‘குலுமெ’, தெலுங்கில் ‘கொலிமி’ எல்லாம் இதே குடும்பம். ஆயுதம் செய்பவன், ஆகவே கொல்பவன், ஆகவே கொல்லன் என்று மேடையில் விளக்கம் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உயிரைக் கொல்லும் ‘கொல்’ அகராதியில் 2132, இந்தக் ‘கொல்’ 2133. பக்கத்து வீடு, உறவு கிடையாது.

அதே பதிவில் தோதவர் (தோடர்) மொழிச் சொல் ஒன்றும் இருக்கிறது: குவலால். பொருள், ‘கோத்தரின் கொல்லுப்பட்டறை’. அவ்வளவுதான், கோயில் என்ற பொருள் அங்கே இல்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோதவர், படுகர், குறும்பர் எல்லோருக்கும் கத்தி, அரிவாள், கோடரி, மண்வெட்டி செய்து கொடுத்தவர்கள் கோத்தர். பானை வனைந்தது கோத்தர் வீட்டுப் பெண்கள். சாவு வீட்டுக்குக் கொம்பும் பறையும் கொண்டுபோய் இசைத்ததும் கோத்தர்தான். தானியம், நெய், எருமை என்று பண்டமாற்றாக வாங்கிக்கொண்டார்கள். மழுங்கிய அரிவாளோடு வந்து நிற்கும் பக்கத்து ஊர்க்காரருக்கு அது பட்டறை மட்டுமே. துருத்தி ஊதி, இரும்பு பழுக்கும்வரை காத்திருந்து, குறட்டால் பிடித்து உலைக்கல்லில் வைத்து அடிப்பவருக்கு அதே சொல் சாமி இருக்கும் இடத்தையும் குறித்தது.

சரி, எந்தச் சாமி? கோத்தர் வணங்குவது அய்யனோரையும் அம்மனோரையும்: அப்பன் தெய்வம், அம்மை தெய்வம். சில ஊர்களில் அய்யனோரே பெரியவர், சின்னவர் என்று இருவராக இருப்பார். அம்மனோர் எங்கும் ஒருத்திதான். சிலை வைத்து வழிபடுவது பழைய வழக்கம் அல்ல. அப்பன் தெய்வத்துக்குக் கம்பட்டராயர் என்றும் பெயர் உண்டு. ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளியைத் தெரியாதவர் இருக்க முடியாது. அந்தப் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர், இந்தச் சாமியைப் பற்றி ஒரு கதையைப் பதிவு செய்தார். 1873இல், அவர் இறந்த பிறகு, அது அச்சானது. கம்பட்டராயருக்கு வியர்த்துக் கொட்டியதாம். நெற்றியை வழித்து மூன்று துளி வியர்வையை எடுத்தார். அவற்றிலிருந்து தோதவர், குறும்பர், கோத்தர் மூவரும் பிறந்தார்கள். உலைமுன் நிற்பவர்களின் சாமிக்கு வியர்க்காமல் என்ன செய்யும்? மூச்சிலிருந்தோ தோளிலிருந்தோ மனிதரைப் பிறப்பித்த படைப்புக் கதைகளைவிட எனக்கு இது பிடிக்கும். விழாவின்போது கோயில் முன்பே தற்காலிக உலை மூட்டி, பூசாரி ஒரு மண்வெட்டியோ கோடரியோ அடித்தெடுக்கும் சடங்கையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன.

தமிழில் ‘கம்பட்டம்’ என்றால் நாணயம் அடிப்பது. அதை வைத்துக் கம்பட்டராயரை நாணயச் சாலைத் தெய்வம் ஆக்கிவிட ஆசை வரும். ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பி முடிச்சுப் போடக் கூடாது. அதேபோல, சமவெளியில் கம்மாளர் வணங்கும் விசுவகர்மாவைக் கொண்டுவந்து ‘கோத்தரின் விசுவகர்மா’ என்று எழுதுவதும் வேண்டாம். அவர் வேறு, இவர் வேறு.

இனி, கொலேலுக்குத் தமிழ்ச் சொல் என்ன? பட்டறை என்ற பொருளுக்குப் பஞ்சமே இல்லை: கொல்லுப்பட்டறை, உலைக்களம், பணிக்களரி. இவற்றைவிட வேரோடு பொருந்துவது கொற்றுறை. கொல் + துறை. புறநானூறு 95இல் ஒளவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி அரண்மனையில் மினுங்க, அதியமானின் ஆயுதங்கள் நுனி சிதைந்து ‘கொற்றுறைக் குற்றில’ என்கிறார், கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்று. ஆனால் கொற்றுறை கோயில் ஆகாது. அந்தப் பொருளைத் தமிழ் அதற்கு ஏற்றவே இல்லை. இரண்டும் ஒருசேர வேண்டுமென்றால் ‘உலைக்கோயில்’ என்று சொல்லிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், முதல் தடவை ‘கொலேல் எனும் உலைக்கோயில்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் கொலேல் என்றே விட்டுவிடலாம்.

குறுந்தொகை 172இல் ‘ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்’ என்று ஒரு துருத்தி வருகிறது. ஏழு ஊர் வேலையையும் ஒற்றை ஊரின் உலையே பார்க்க வேண்டும், துருத்திக்கு ஓய்வே இல்லை. தலைவியின் நெஞ்சு அப்படி வருந்துகிறதாம். கோத்தருக்கும் ஊர் ஏழுதான்: கொல்லிமலை (நாமக்கல்லில் இருப்பது அல்ல, ஊட்டிப் பக்கத்தில் இருப்பது), திருச்சிக்கடி, கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, குந்தா கோத்தகிரி, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால். பாட்டுக்கும் இந்த ஊர்களுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கோட்டா’, ‘கோடா’ என்று எழுதுகிறார்கள். கோத்தர் என்பதே இங்கே வழக்கு. கோத்தகிரியில் இருப்பதும் அவர்கள் பெயர்தான். ‘கிரி’யைப் பார்த்து மலை என்று எண்ணிவிட வேண்டாம், அது ‘கேரி’, அதாவது தெரு, நம் ‘சேரி’யின் உடன்பிறப்பு.