கடை மூடாத கணக்குப்பிள்ளை

செய்திகளை வைத்து ஆடும் இலவசக் கணிப்பு விளையாட்டைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சேர்ந்ததுமே ஆயிரம் காசு சும்மா தருகிறார்கள். தோற்றாலும் கைக்காசு போகாது. அப்புறம் எப்படி 'ராக்கெட் இந்த மாதம் கிளம்ப 60 சதவீத வாய்ப்பு' என்று திரையில் வருகிறது? யார் போட்ட கணக்கு அது?"

யாரும் போடவில்லை, அது ஒரு விலை. ராக்கெட் கிளம்பினால் 'ஆம்' சீட்டு ஒன்றுக்கு 1 காசு, கிளம்பாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு 0.60 காசுக்குப் போனால், ஆடுகிறவர்கள் மதிப்பில் வாய்ப்பு 60 சதவீதம்.

சரி, வாங்க நீங்கள் வருகிறீர்கள், விற்க எதிரில் ஆள் வேண்டாமா? பங்குச் சந்தையில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே ஒரு கேள்விக்குப் பத்துப் பேர் வந்தாலே பெரிது. இதற்கு ராபின் ஹான்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: விற்பவர் இடத்தில் ஒரு சூத்திரத்தையே உட்கார வைத்துவிட்டார். நடுராத்திரியில் போனாலும் இந்தக் கணக்குப்பிள்ளை சீட்டு விற்பார். ஒவ்வொரு சீட்டு விற்றதும் விலையை ஒரு துளி ஏற்றிவிடுவார்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் அழகு. இப்போதைய 'இல்லை' வாய்ப்பைப் புதிய 'இல்லை' வாய்ப்பால் வகுங்கள். அதற்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) எடுத்து, சந்தையின் ஆழத்தை, அதாவது விலை எளிதில் அசையாத தன்மையைக் குறிக்கும் எண்ணால் (100 என்று வைப்போம்) பெருக்குங்கள். வருவதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய காசு. விலையை 50 சதவீதத்திலிருந்து 60க்குத் தள்ள 0.5 ÷ 0.4, அதாவது 1.25; அதன் மடக்கை சுமார் 0.22, நூறால் பெருக்கினால் செலவு சுமார் 22 காசு. ஜெயித்தால் லாபம் 18. ஆனால் 90லிருந்து 99க்குத் தள்ள 230 காசு வேண்டும், ஜெயித்தாலும் லாபம் பத்துக்கும் குறைவு! 99லிருந்து 99.9க்குப் போக இன்னொரு 230. நூறைத் தொட உலகத்துக் காசெல்லாம் கொட்டினாலும் போதாது. 'கண்டிப்பா நடக்கும்' என்று நாம் வாயால் சொல்வதற்கு இங்கே என்ன விலை பாருங்கள். ஒரு ஏவுதலை நம்பி 97 வரை ஏற்றி, பலத்த காற்றால் அது தள்ளிப்போனதில் என் பாதிக் காசு காலி.

கணக்குப்பிள்ளைக்கு நஷ்டம் வராதா? வரும், ஆனால் எல்லையோடு. 50 சதவீதத்தில் தொடங்கினால் அதிகபட்சம் 69 காசு. நிஜப் பணமென்றால் அதை யாராவது கையிலிருந்து கொடுக்க வேண்டும். பொய்க்காசுக்கு என்ன, அச்சடித்தால் முடிந்தது.

மேற்கு ஆசிய அரசியல் நிகழ்வுகளைக் கணிக்க, அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான தார்ப்பாவின் நிதியில் ஹான்சனும் சேர்ந்து ஒரு சந்தையை வடிவமைத்தார். 2003 ஜூலையில் 'பயங்கரவாதத்தை வைத்துச் சூதாட்டமா?' என்று செனட்டர்கள் கொதிக்க, தொடங்கும் முன்பே அதை மூடிவிட்டார்கள். பெயரைக் கேட்டே பயந்து ஓர் ஆய்வை நிறுத்துவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இனி வாசகரின் அசல் சந்தேகம்: பொய்க்காசுக்கு யார் அக்கறைப்படுவார்கள்? 2003 பருவத்தின் 208 அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நிஜப் பணச் சந்தை ஒன்றையும் பொய்க்காசுச் சந்தை ஒன்றையும் ஒப்பிட்டார்கள். துல்லியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காரணத்தை ஊகிக்கலாம். நிஜப் பணம் ஒருவருக்குச் சொத்தாகவும் வந்திருக்கலாம். இந்த விளையாட்டில் ஒருவரிடம் காசு குவிந்திருந்தால், அநேகமாக முன்பு சரியாகச் சொன்னதால்தான். விலையை அதிகம் அசைப்பதும் அவர்தான்.