நூறு பேக் திறந்தும் வராத கார்டு

இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்து விளையாட்டின் அல்டிமேட் டீம் பகுதியில் வீரர்களின் கார்டுகளைச் சேர்த்து அணி அமைக்க வேண்டும்; பேக் என்பது உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாமல் திறக்கும், பணம் கொடுத்தும் வாங்கக்கூடிய உறை. அங்கே நூற்றுக்கு ஒன்று வாய்ப்புள்ள கார்டுக்காக நூறு பேக் திறந்தும் அது வரவில்லையே, இது மோசடி அல்லவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மோசடி செய்யத் தேவையே இல்லை, கணக்கே போதும் என்பது என் பதில்.

வணிகம் எளிமையானது. 1993-இல் ஃபிஃபா என்ற பெயரில் தொடங்கி 2023 முதல் எஃப்சி என்று வெளிவரும் இந்த வரிசைக்கு வீரர்கள் சங்கம், லீக், கிளப் என்று பலரிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் விளையாட்டை விற்ற பிறகும் வரவு நிற்பதில்லை. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், ஃபிஃபா, மேடன் (அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு) முதலியவற்றின் அல்டிமேட் டீம் பகுதிகள் மட்டும் இஏ நிறுவனத்துக்கு ஏறத்தாழ 162 கோடி டாலர் ஈட்டின. இது மொத்த வருவாயில் கால் பங்குக்கும் மேல்.

இனி கணக்கு. தாயக்கட்டைகள் இரண்டில் சுழி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகங்கள் இருப்பதால் பதினாறு விதமாக விழலாம்; ஒன்றில் சுழியும் மற்றதில் ஒன்றும் விழுவதுதான் தாயம் என்பதால் அதற்கு இரண்டே வழிகள், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் விழுந்தே தீருமா? தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விடை தெரியும். ஒருமுறை விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. அதை எட்டு முறை பெருக்கினால் 0.34 வருகிறது. மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு இருப்பார். பேக்கிலும் இதே கதைதான்: 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.37 மிஞ்சும், முந்நூறு பேக் திறந்தாலும் நூறில் ஐந்து பேருக்கு அந்தக் கார்டு வராது. இத்தனை முறைக்குள் கட்டாயம் தர வேண்டும் என்று நிரலில் எழுதியிருந்தாலொழிய, கட்டைக்கும் பேக்குக்கும் நினைவு கிடையாது. நள்ளிரவில் திறந்தால் நல்ல வீரர் வருவார் என்று நம்புகிறவர்கள், நல்ல நேரம் பார்த்துத் தாயம் உருட்டுகிறவர்களே.

என்னை உறுத்துவது வேறொன்று. 2018-இல் வந்த பதிப்பிலிருந்து வாய்ப்பின் அளவை வெளியிடுகிறார்கள். ஆனால் மிக அரிய கார்டுகளுக்கு ‘ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது 0.9 என்றால் நூறு பேக்கில் கிடைக்கும் வாய்ப்பு அறுபது விழுக்காட்டை நெருங்கும், 0.1 என்றால் பத்தைக்கூடத் தொடாது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது வெளிப்படைத்தன்மை ஆகாது.

பெல்ஜியத்தில் இதைச் சூதாட்டம் என்று அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் கருதியதால், 2019 தொடக்கத்தில் அங்கே ஃபிஃபா பாயின்ட் (பேக் வாங்க உதவும், காசு கொடுத்துப் பெறும் விளையாட்டுப் பணம்) விற்பனை நின்றது. நெதர்லாந்தில் இதே பேக்குகளுக்காக இஏவுக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதத்தையோ 2022-இல் உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கேள்வி கேட்டவருக்கு: 101-ஆவது பேக்கிலும் வாய்ப்பு அதே நூற்றுக்கு ஒன்றுதான். அதில் அந்த வீரர் வந்தாலும், அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு அவர் உங்களோடு வரமாட்டார்.