வீடு அவருடையது, லிஸ்டிங் யாருடையது?

வீட்டு உரிமையாளர்களுக்காகக் குறுகிய கால வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கோ-ஹோஸ்ட் என்பார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படம் எப்படி எடுப்பது, வாடகை எவ்வளவு வைப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். லிஸ்டிங், அதாவது ஏர்பிஎன்பி போன்ற வாடகைத் தளத்தில் வீட்டுக்காகப் போடும் பக்கம், யாருடைய கணக்கில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கின்றன.

உரிமையாளருக்கு ஆப் எல்லாம் ஒத்துவராது, "உங்க கணக்குலயே போட்டுடுங்க" என்பார். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் வீட்டு வாடகை உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும். வருமானவரிக் கணக்கில் அது உங்கள் வருமானமாகத் தெரியும். நாளைக்கு அவர் வேறொருவரிடம் வேலையைக் கொடுக்க நினைத்தால், சேர்ந்திருக்கும் ரிவ்யூக்களை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏர்பிஎன்பியில் ஒரு லிஸ்டிங்கை அதன் ரிவ்யூக்களோடு வேறொரு கணக்குக்கு மாற்ற வழியில்லை. நல்ல பெயர் வாங்கிய வீடு திரும்பவும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கோபம் உங்கள் மேல்தான் வரும்.

இன்னொரு குறுக்குவழி, உரிமையாளரின் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்வது. இது அதைவிட மோசம். உங்கள் போனிலிருந்து உள்ளே போகும்போது ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். விருந்தினர் வாசலில் நிற்கிற ராத்திரியில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எந்தப் பதிலை யார் அனுப்பினார்கள் என்பதற்கும் தடயம் இருக்காது. போதாக்குறைக்கு, பாஸ்வேர்டை வேறொருவரிடம் கொடுப்பது தளத்தின் விதிகளுக்கே எதிரானது.

சரியான வழி ரொம்ப எளிது. உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் பெயரில், அவர் போனில், அவர் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கைத் திறக்கட்டும். பணம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கையும் வரி விவரங்களையும் அவரே நிரப்பட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு லிஸ்டிங்கில் கோ-ஹோஸ்ட் பகுதிக்குப் போய் உங்களுக்கு அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள். ஏர்பிஎன்பியில் மூன்று வகை அனுமதி உண்டு: முழு அனுமதி, காலண்டரும் மெசேஜும் மட்டும், காலண்டரைப் பார்ப்பது மட்டும். லிஸ்டிங்கை எழுதித் திருத்தி, விலையை மாற்றுகிறவருக்கு முழு அனுமதி வேண்டும். மூன்றாவது வகையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. சுத்தம் செய்ய வருகிறவருக்கு அதைக் கொடுத்துவிட்டால், "நாளைக்கு யாராவது காலி பண்றாங்களா?" என்று தினமும் போன் வராது.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக நடத்துகிறவர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டம் அந்த லிஸ்டிங்கை வைத்து வந்தால், அது உரிமையாளருக்குத்தான் சேரும். 4.8 ரேட்டிங்குக்காக உழைக்கப்போவது நீங்கள், பட்டம் அவருக்கு. உங்கள் உழைப்புக்கான பலனைப் பணமாகத்தான் பேசி வாங்க வேண்டும்.

அந்தப் பேச்சில் "இருபது சதவீதம்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடுவதுதான் வழக்கம். எதில் இருபது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு இரவுக்கு வாடகை 100, மூன்று இரவு. அதோடு சுத்தம் செய்யும் கட்டணம் 40. மொத்தம் 340. இதில் 20 சதவீதம் என்றால் உங்களுக்கு 68. வாடகையில் மட்டும் என்றால் 60. மொத்தத்தில் தளம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் என்றால் 68-க்குக் கீழே. அந்த 40 சுத்தம் செய்கிறவருக்கு நேராகப் போகிறதா, உங்கள் கை வழியாகப் போகிறதா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விருந்தினர் பாதியில் ரத்து செய்து பணம் திரும்பப் போனால் உங்கள் பங்கு என்ன ஆகும்? பல்பு, சோப்பு, கழிவறைத் தாள் யார் செலவு? உரிமையாளரின் தம்பி குடும்பம் வந்து நான்கு நாள் இலவசமாகத் தங்கினால் உங்கள் வேலைக்குக் கூலி உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் தம்பி குடும்பம் நிச்சயம் வரும்.

எல்லாம் ஒத்துப்போனால் ஒரு பக்கத்துக்கு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஏர்பிஎன்பியிலேயே கோ-ஹோஸ்டுக்கான பங்கைச் சதவீதமாகவோ நிலையான தொகையாகவோ பிரித்து அனுப்பும் வசதி இருக்கிறது. எல்லா நாட்டுக்கும் அது பொருந்தாது என்பதால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்ற விஷயத்தில் உரிமையாளர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நியூயார்க் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். விருந்தினர் இருக்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். அங்கே கோ-ஹோஸ்ட் வைத்து ஆளில்லா வீட்டை விடுவதென்பது நடக்காத காரியம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, அடுக்குமாடிச் சங்கத்தின் விதி வேறு. அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்த பிறகு லிஸ்டிங்கைத் தொடுங்கள்.

இனி லிஸ்டிங்கை எழுதுவது. உரிமையாளருக்குத் தன் வீடு எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். விரித்துப் படுக்கிற சோபாவை ஒரு கட்டிலாகக் கணக்கு காட்டச் சொல்வார். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது என்பதை "சொல்லணுமா?" என்பார். சொல்லியே ஆக வேண்டும், அதுவும் மேலே. லிப்ட் இல்லாததற்காக யாரும் நட்சத்திரத்தைக் குறைப்பதில்லை. சொல்லாமல் விட்டதற்குக் குறைப்பார்கள். வீட்டுக்குள் கேமரா மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி அதை உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது, அணைத்துவைத்திருந்தாலும் கூடாது. வெளிவாசலில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று லிஸ்டிங்கில் எழுத வேண்டும்.

செக்-இன் வழிமுறையை மேஜையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். இருட்டிய பிறகு ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து பாருங்கள். சாவிப்பெட்டியின் எண்கள் அந்த வெளிச்சத்தில் தெரிகின்றனவா? படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம்? பூட்டைத் திறக்கக் கதவைக் கொஞ்சம் தன்பக்கம் இழுக்க வேண்டுமா? உரிமையாளருக்கு இதெல்லாம் கைப்பழக்கம், அவரிடம் கேட்டால் நினைவுக்கே வராது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று படம் எடுத்து, படத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அதே நாளில் வீட்டில் உள்ள பொருட்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏதாவது உடைந்தால், விருந்தினர் காலி செய்த 14 நாளுக்குள் தளத்தில் இழப்பீடு கேட்க வேண்டும். முன்னால் எப்படி இருந்தது என்பதற்குப் படம் இல்லையென்றால் கேட்டுப் பயனில்லை. ஒரே வீடு இரண்டு தளங்களில் இருந்தால், இரண்டின் காலண்டர்களையும் இணைக்கும் ஐகேல் இணைப்பு மாற்றங்களை உடனுக்குடன் கொண்டுவராது. இடைப்பட்ட நேரத்தில் இரட்டை புக்கிங் விழலாம். அதனால் தொடக்கத்தில் ஒரே தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

பிரிகிற நாளைப் பற்றியும் அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு வரி வேண்டும். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஏற்கெனவே உறுதியான புக்கிங்குகளை யார் பார்ப்பது, அதற்கான பங்கு யாருக்கு, நீங்கள் எடுத்த படங்களை அவர் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா. போகும் நாளில் கோ-ஹோஸ்ட் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், சாவிப்பெட்டியின் எண்ணையும் உங்கள் கண்முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள்.