காப்பாணை: ‘பாதுகாவல் ஆணை’ ஏன் பிழை?

‘யூரோப்பியன் புரொடெக்‌ஷன் ஆர்டர்’ என்பது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நாட்டில் கிடைத்த பாதுகாப்பை அவர் போகும் இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலும் தொடரவைக்கும் ஆணை. அதை ‘ஐரோப்பியப் பாதுகாவல் ஆணை’ என்று எழுதுகிறார்கள். படித்தால், அடிபட்டவரையே பிடித்து உள்ளே வைக்கப்போகிறார்கள் என்று தோன்றும்.

இலத்தீனில் ‘புரோ’ முன்னே, ‘தெகெரே’ மூடுதல், முன்னின்று மறைப்பது. தமிழுக்குக் ‘கா’ என்ற வேர் போதும். வம்பு அதிலிருந்து பிறந்த காப்பு, காவல் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான். நீதிமன்றக் காவல், தடுப்புக் காவல், காவல் நீட்டிப்பு என்று சட்டத் தமிழில் காவல் ஆளை அடைத்து வைப்பதாகிவிட்டது. முன்னால் ‘பாது’ சேர்த்தாலும் தீராது. பாதுகாவலர் என்றால் கார்டியன். வக்கீல் குமாஸ்தா அதை மைனர் பிள்ளை வழக்குக் கட்டில்தான் செருகுவார்.

காப்பு அப்படியல்ல. காப்புக் கட்டு, காப்புச் செய்யுள், காப்பீடு எல்லாமே தீங்கு அண்டாமல் தடுப்பவை. கைதானவருக்குக் ‘காப்பு’ என்று செய்தித்தாள்கள் தலைப்பிடுகின்றனவே என்பீர்கள். அது நையாண்டி, சட்டச் சொல்லாகாது. 2005-ஆம் ஆண்டு இந்தியக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுக்குப் ‘பாதுகாப்பு ஆணை’ பொருந்துகிறது. ஆனால் ‘ஐரோப்பிய’ என்று முன்னொட்டினால் படை, எல்லை, ஏவுகணை என்று காதில் விழும். அதனால் காப்பாணை.

இதை ‘எல்லை தாண்டும் ஆணை’ என்று விளக்குவது இன்னொரு தவறு. 2011-இன் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி (டைரக்டிவ்) நடப்பது வேறு. குற்ற வழக்கில் பாதுகாப்புக்கான மூல ஆணையைக் கொடுத்த நாடு, பாதிக்கப்பட்டவர் கேட்டால், காப்பாணை பிறப்பிக்கும். அவர் வேறு உறுப்பு நாட்டில் தங்க முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். மூல ஆணையில் மூன்று தடைகளில் ஒன்றாவது வேண்டும்: குறிப்பிட்ட இடங்களுக்கு வராமை, எவ்வழியிலும் தொடர்புகொள்ளாமை, குறித்த தூரத்துக்குள் நெருங்காமை. போய்ச்சேரும் நாடு இதை ஏற்று, தன் சட்டத்தில் இதையொத்த வழக்குக்கு என்ன உண்டோ அதைப் போடும். மூல ஆணைக்குக் காரணமான செயல் அங்கே குற்றமே இல்லையென்றால் மறுக்கலாம். ஆக, தாண்டுவது காப்பு. ஆணை புதிதாகப் பிறக்கிறது. எதிராளிக்குத் தகவல் போகும்போதும், அமலாக்கத்துக்குத் தேவைப்பட்டாலொழிய, பாதிக்கப்பட்டவரின் புது முகவரியைச் சொல்லக் கூடாது.

உரிமையியல் வழக்குக்கு 2013-இன் 606-ஆம் ஒழுங்குவிதி (ரெகுலேஷன்). அங்கே ஆணையே சான்றிதழோடு போகும். தனி ஏற்பு நடைமுறை கிடையாது. ஆனால் அந்த ஏற்பின் பலன் அதிகபட்சம் 12 மாதம். இரண்டும் 2015 சனவரி 11 முதல் நடைமுறையில். இரண்டையும் ஒரே பெயரில் மொழிபெயர்ப்பவர்களை என்ன சொல்ல! முதலாவது காப்பாணை, இரண்டாவது காப்புச் சான்று என்று பிரித்தால் எந்தத் தாளைக் கேட்பது என்பதாவது தெரியும்.

‘ஐரோப்பிய’ என்பதும் ஏமாற்றும். நார்வே, சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. டென்மார்க் இரண்டிலும் சேரவில்லை; அயர்லாந்து ஒழுங்குவிதியில் மட்டும். பாரிசில் வாங்கிய ஆணையோடு கோபன்கேகன் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தத் தாள் உதவாது. டென்மார்க் சட்டப்படி புதிதாகத்தான் கேட்க வேண்டும். தமிழ்த் துண்டறிக்கையில் முதல் வரியில் வரவேண்டியது இதுதான்.