மெட்ரிக் வேறு, பதின்மம் வேறு

"பதின்ம அளவை முறையை இன்னும் ஏற்காத பெரிய நாடு அமெரிக்கா." மொழிபெயர்த்த பாடம் ஒன்றில் இந்த வரி. இதே கருத்தை மேடையிலும் கேட்டாயிற்று, கட்டுரைகளிலும் படித்தாயிற்று. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அமெரிக்கா பதின்மத்தை ஏற்றது 1792இல், டாலரை நூறு சென்ட்டாகப் பிரித்தபோதே. அன்றாடப் புழக்கத்தில் அது ஏற்காதது மெட்ரிக் முறையை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'மெட்ரோன்' என்றால் அளவு. பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து ஒரு பெயரை ஆக்கி, வடதுருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் கோடியில் ஒரு பங்குக்கு வைத்தார்கள். அதுதான் மீட்டர். 1795இல் சட்டமானது. மீட்டரை வேராகக் கொண்ட அளவை முறை மெட்ரிக் முறை.

பதின்மம் என்பது வெறும் பகுப்பு. எதை வேண்டுமானாலும் பத்தாகவும் நூறாகவும் பகுக்கலாம். நம் ஊரில் மனை விற்கிற சென்ட்டையே பாருங்கள். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, பதின்மக் கணக்குதான். ஆனால் அது 435.6 சதுர அடி, மெட்ரிக்கோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிரிட்டன் 1971இல் பவுண்டை நூறு பென்னியாக்கியது. அங்கே சாலைப் பலகைகளில் இன்றும் மைல்தான்.

இங்கே குழப்பம் வந்ததற்குக் காரணம் தெரிகிறது. 16 அணா, 64 பைசாவாக இருந்த ரூபாய் 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஆனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிலோ எடைகள் வரத் தொடங்கின. காசும் எடையும் அடுத்தடுத்து மாறியதால் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டார்கள்.

பெயர்தானே, போகட்டும் என்று விட முடியாது. மக்களிடம் அளவையை மாற்றச் சொல்லும்போது எதைக் காட்டிச் சொல்கிறோம் என்பதே இதனால் பிசகுகிறது. 'பத்துப் பத்தாகப் போனால் கணக்கு சுலபம்' என்பது படியில் அளந்து பழகியவரிடம் எடுபடாது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. பாதி பாதியாகப் போவது கைக்கும் கண்ணுக்கும் பத்தைவிடச் சுலபம். அவர் பட்ட அவதி வேறு. பட்டணம் படி ஒன்று, சின்னப்படி ஒன்று என்று ஊருக்கு ஊர் படி மாறியது. எடையில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு; அந்த வீசைக்கும் படிக்கும் முழத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மெட்ரிக் முறை தீர்த்தது இதைத்தான். மீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீள, அகல, உயரமுள்ள பெட்டி கொள்வது ஒரு லிட்டர். அந்த லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்றுதான் தொடக்கத்தில் வகுத்தார்கள். நீட்டல், முகத்தல், எடுத்தல் மூன்றும் ஒரே கோலிலிருந்து. ஈரோட்டிலும் திருநெல்வேலியிலும் ஒரே கிலோ. 'பதின்ம அளவை' என்ற சொல் இந்த நியாயத்தை அப்படியே மறைத்துவிடுகிறது.

அப்போ எப்படிச் சொல்வது? மீட்டர் அளவை. 'மீட்டர் தமிழில்லையே' என்பார்கள். ஜவுளிக்கடையில் இரண்டு மீட்டர் துணி கேட்காத தமிழர் யார்? முழுத்தூய்மைக்காகத் தவறான பொருளைத் தருவதைவிட, எல்லாருக்கும் தெரிந்த சொல்லில் சரியான பொருளைத் தருவது மேல். 'மெட்ரிக்' என்றே எழுதலாம்தான். ஆனால் தமிழ்நாட்டில் மெட்ரிக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். அந்த மெட்ரிக், மெட்ரிகுலேஷனின் குறுக்கம். பெயர்ப்பதிவு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வருத்தமும் உண்டு. 'மெட்ரிக்மயமாக்கல்' என்று எழுதுகிறார்களே, அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பார்த்திருப்பார்களா? 'மீட்டர் அளவைக்கு மாறுதல்' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

பட்டாவைப் பாருங்கள். பரப்பு 'ஹெக்டேர் – ஏர்' என்று போட்டு 0 – 12.50 என்றிருக்கும். ஏர் என்றதும் உழவருக்குக் கலப்பைதான் தோன்றும். அந்த ஏர், பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள ஒரு சதுரம், அதாவது 100 சதுர மீட்டர். பன்னிரண்டரை ஏர் கிட்டத்தட்ட 31 சென்ட். இதை யாரும் சொல்லித் தராததால் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே 'எவ்வளவு சென்ட் வருது?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே '1 ஏர் = 100 சதுர மீட்டர்' என்று ஒரு வரி அச்சிட்டால் போதும்.