கவுண்டரிலிருந்து ஸ்டோருக்கு மாற்றப்படும் பெண்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை கேஷியர், கிளினிக் உதவியாளர், கடை விற்பனையாளர் என்றுதான் அமைகிறது. சேர்ந்த கொஞ்ச நாளில் பேச்சு ஆரம்பிக்கும்: நிறம் கறுப்பு, முகத்தில் பரு, உடம்பு பெருத்துவிட்டது, தலையில் எண்ணெய். பிறகு கவுண்டரிலிருந்து ஸ்டோருக்கு மாற்றுவார்கள். கமிஷன் நின்றுபோகும். மனம் வெறுத்து அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிடுவாள். நிறுவனத்தின் கோப்பில் அது ராஜினாமா. அந்த ஒரு தாளில்தான் பெரும்பாலான வழக்குகள் செத்துப்போகின்றன.

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு 1.1.2023 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றி ஊழியருக்கும் முதலாளிக்கும் வரும் தகராறைத் தொழிலாளர் இலாகா விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் நிறம், எடை, தோற்றம் என்று எதையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் "என்னை அசிங்கமாகப் பேசினார்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் புகார் பலமிழக்கும். ஒரே விதி ஆளுக்கு ஆள் மாறியதைக் காட்ட வேண்டும்.

2020-இல் தொழில்துறை நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 25 ஆண்டு வேலை செய்த விமானப் பணிப்பெண், அனுமதித்த எடையைவிட 0.7 கிலோ கூடுதல் என்று நீக்கப்பட்டார். நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. காரணம், அங்கே எழுதிவைத்த விதி இருந்தது. எடை குறைக்க அவகாசமும் கொடுத்திருந்தார்கள். அந்த முடிவு நியாயமாக எங்களுக்குப் படவில்லை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அப்படி எழுதிய விதியே பெரும்பாலும் கிடையாது. ஆகவே முதல் கேள்வி: "இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? ஒரு பிரதி கொடுங்கள்." இதை வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள், கேட்டதற்கும் அதுவே சாட்சி. உணவுத் தொழிற்சாலையில் மூக்குத்தி கூடாது என்பது சுகாதார விதி, எல்லாருக்கும் பொது. கடையில் மற்றவர் தோடும் சங்கிலியும் போட்டிருக்க, உங்கள் மூக்குத்தியை மட்டும் கழற்றச் சொன்னால் கதை வேறு.

பேசியதை அன்றைக்கே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், யார், பக்கத்தில் நின்றவர் யார். மலாயில் சொன்னதை மலாயிலேயே எழுதுங்கள். 'தாக் செசுவாய் டுடுக் டெப்பான்' (முன்னால் உட்காரப் பொருத்தமில்லை) என்று சொல்லியிருந்தால் அதே வார்த்தைகள்தான் வேண்டும். தமிழில் மாற்றி எழுதினால் விசாரணையில் அதன் கூர்மை போய்விடும். வேலை நேர அட்டவணையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படமெடுங்கள். கமிஷன் குறைந்த மாதத்தின் சம்பளச் சீட்டு மிக முக்கியம். பண நஷ்டம் அதில்தான் எண்ணாகத் தெரியும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே உரையாடலைச் சேமித்துவிடுங்கள். குரல் பதிவு வந்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்.

'சொந்தக் காரணங்களுக்காக' என்று அவர்களே அச்சடித்து நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கவே முடியாத நிலை வந்தால், உண்மையான காரணத்தை எழுதி நீங்களே கடிதம் கொடுங்கள். நீக்கினாலும், இப்படி வெளியேறத் தள்ளினாலும், 1967 தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் 60 நாளுக்குள் மனு போட வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் சேர்த்துத்தான் 60. "தகுதிகாண் காலம், உனக்கு உரிமை இல்லை" என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் இருப்பவரையும் தக்க காரணமின்றி நீக்க முடியாது.

உடம்பைப் பற்றிய பேச்சு பாலியல் தொனியில் இருந்தால் அது தனிப் புகார். அதை எழுத்தில் கொடுங்கள். விசாரிக்க மறுக்கும் முதலாளி 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

நேர்முகத்திலேயே தோற்றத்தைப் பார்த்துத் தள்ளப்பட்டவருக்கு 69எஃப் கைகொடுப்பது கடினம், அது ஊழியரைப் பற்றித்தான் பேசுகிறது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டும்.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், குறிப்பேடு ஆகியவற்றை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவராதீர்கள்.