இறாத்தல்: பாணோடு தங்கிவிட்ட நிறை

யாழ்ப்பாணத்தில் கடைக்குப் போய், "அண்ணை, ஒரு றாத்தல் பாண் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் தராசைத் தேடமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முழுப் பாண் ஒன்றை எடுத்து சொப்பிங் பையில் போட்டுத் தருவார். அதைப் பாதியாக வெட்டினால் அரை றாத்தல். நிறையைச் சொல்ல வந்த சொல் இப்போது பாணின் பருமனைத்தான் சொல்கிறது.

ஆங்கிலேயர் கால வணிகத்தில் பவுண்ட் எனப்பட்ட நிறைக்கு நம்மவர் வைத்திருந்த பெயர்தான் இறாத்தல். 16 அவுன்ஸ் ஒரு இறாத்தல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 453.6 கிராம். 112 இறாத்தல் ஒரு அந்தர், 20 அந்தர் ஒரு தொன். கிலோ வந்து இந்த வாய்ப்பாட்டைத் துடைத்துவிட்டது. பாணின் நிறைபற்றி 2024இல் வந்த வர்த்தமானியும் முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அந்த 450 எங்கிருந்து வந்தது? பழைய இறாத்தலில் மூன்றரைக் கிராம் போலக் கழித்த மிச்சம்தான் அது.

பவுண்டின் பெயர் இறாத்தல் என்றாலும் சொல் ஆங்கிலம் அல்ல. போர்த்துக்கேயரிடம் 'அறாத்தெல்' என்றொரு நிறை இருந்தது. ஏறக்குறைய 459 கிராம். அவர்களுக்கு அது அரபுக்காரரிடமிருந்து கிடைத்தது. அரபில் சொல் 'றத்ல்'. ஆங்கிலத்தின் 'the' போல முன்னால் வரும் சுட்டோடு சேர்த்துச் சொன்னால் 'அர்-றத்ல்'. போர்த்துக்கேயர் சுட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். நம் கடல்களில் அரபு வணிகர் போர்த்துக்கேயருக்கு முன்பே ஓடித் திரிந்தவர்கள். அதனால் சொல் நேரே அரபிலிருந்தே வந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முன்னால் 'அ' இல்லாதது அவர்கள் பக்கம் பேசுகிறது. ஆனால் அரபில் 'ற' குறில். போர்த்துக்கேயத்தில் அழுத்தம் விழுவது 'றா'வில். நாமும் 'றா' என்று நீட்டித்தான் சொல்கிறோம். பாண், கதிரை, சப்பாத்து, அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. பாணைத் தந்தவர்களே அதன் நிறைக்கும் பெயர் தந்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அரபுக்காரருக்கும் இது சொந்தச் சொல் அல்ல. கிரேக்கத்தில் 'லித்ரா' என்று ஒரு நிறை. அது அரமேயம் என்ற பழைய மொழி வழியாக அரபுக்குப் போகையில் லகரமும் ரகரமும் இடம் மாறி 'றத்ல்' ஆனது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. தசையைச் சதை என்றும், விசிறியைச் சிவிறி என்றும் மாற்றிச் சொன்ன நமக்கு இது புதிதல்ல. சரி, அதே லித்ரா இலத்தீன் வழியாகப் பிரான்சுக்குப் போய், 1795இல் மெற்றிக் முறையில் முகத்தலளவையாகப் புகுந்தது. லீற்றர்! மண்ணெண்ணெயை லீற்றரிலும் பாணை றாத்தலிலும் வாங்கும் வீட்டில் ஒரே சொல்தான் இரண்டு வேடத்தில் வந்துபோகிறது.

இடத்துக்கிடம் இதன் நிறையும் ஒன்றாக இருக்கவில்லை. பக்தாத்தின் றத்ல் 400 கிராமை ஒட்டியது. தமாஸ்கஸில் அது நான்கு மடங்குக்கும் மேல். இங்கே அது ஆங்கிலப் பவுண்டின் நிறையை ஏற்றுக்கொண்டது. அந்தப் பவுண்டின் பெயரையே நாம் எடுத்திருந்தால் வில்லங்கம்தான். இங்கே பவுண் என்றால் எட்டுக் கிராம் தங்கம். பத்துப் பவுணில் தாலிக்கொடி செய்கிற ஊரில் ஒரு பவுண் பாண் கேட்டால் என்ன ஆகும்?

இதற்கு நல்ல தமிழ் என்ன? பலம், வீசை, மணங்கு என்று பழைய நிறைகள் இருக்கின்றன. சென்னைக் கணக்கில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. மணங்குக்கு 25 இறாத்தல். அப்படிப் பார்த்தால் இறாத்தலுக்கு 12.8 பலம். நேராக ஒட்டும் சொல் எதுவும் இல்லை. பேக்கரிக்கு வெதுப்பகம் நன்றாக ஒட்டிக்கொண்டது, பெயர்ப்பலகைகளில் பார்க்கலாம். பாணுக்கு வந்த வெதுப்பி அந்த அளவுக்கு எடுபடவில்லை. றாத்தலில் யாரும் கை வைக்கவும் தேவையில்லை என்பேன். எழுதும்போது இகரம் சேர்த்து இறாத்தல் என்று எழுதினால் போதும். தமிழில் றகரம் சொல்லுக்கு முதலில் வராது; கடையில் கேட்கும்போது அந்த இலக்கணம் வேண்டாம்.

அந்தர் மட்டும் ஆங்கிலப் பிள்ளை. 'ஹண்ட்ரட்வெயிட்' என்பதன் தலையைக் கிள்ளி எடுத்தது. 112 இறாத்தல் என்றால் 50.8 கிலோ. இப்போது வெங்காயத்துக்கும் யூரியாவுக்கும் அந்தர் என்றால் 50 கிலோ மூட்டை. அங்கேயும் கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது.